பெட்டிகளில் வந்த எஞ்சின்

கோடியக்கரைவரை ஒருகாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் போய்வந்தது. இன்று திருத்துறைப்பூண்டியில் பிரியும் அகலப்பாதை 37 கிலோமீட்டர் ஓடி, உப்பளங்கள் சூழ்ந்த அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. 2023 ஏப்ரலில் அதைத் திறந்துவைத்தபோது உப்பு ஏற்றுமதிக்கு அது தரப்போகும் வசதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். காவிரிப் படுகையின் ரயில் வரலாறு எப்போதுமே இப்படித்தான் சொல்லப்பட்டுவந்திருக்கிறது. எந்த ஆண்டு எந்த ஊருக்குத் தடம் வந்தது, எந்தக் கம்பெனி போட்டது, எந்தச் சரக்கு ஏறியது என்பதோடு கணக்கு முடிந்துவிடும். எஞ்சினைப் பற்றிப் பேச்சு வந்தால் "அது இங்கிலாந்தில் செய்தது" என்று ஒரு வரி வரும். செய்தவர்கள் அவர்கள், நம்மவர்கள் கரி அள்ளிப் போட்டவர்கள் என்ற எண்ணம் அந்த ஒற்றை வரிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். டெல்டாவில் ஓடிய எஞ்சின் முழுதாகக் கப்பலில் வந்து இறங்கிய பொருளன்று. அது பாகங்களாக வந்தது, இங்கே பூட்டப்பட்டது, பிறகு தன் ஆயுள் முழுவதும் இங்கேயே திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. இதற்குச் சக்கரத்தையும் அதன் முகத்தில் துருத்தி நிற்கும் கிராங்க் பின் என்ற எஃகு முளையையும்விட நல்ல சாட்சி வேறில்லை.

தொடக்கம் நாகப்பட்டினத்தில். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் தடம் போட்டது, அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளியை எட்டியது. ஐந்தடி ஆறங்குல அகலப்பாதை அது. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856இல் ஓடிய முதல் ரயிலுக்கு ஐந்தே ஆண்டு இளையது. சென்னைத் தடத்தோடு அன்று அதற்குத் தொடர்பு கிடையாது, தனித்தீவாக நின்ற தடம். தண்டவாளம், எஞ்சின், சக்கரம், கொதிகலன் எல்லாம் கடல்வழியே வந்தாக வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது என்பதால், அந்த முதல் எஞ்சின்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்தவை. நாகையில் கப்பல் அணையும் ஆழத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட துறையில் ஒரு நீராவி எஞ்சினை அப்படியே தூக்கி இறக்குவது நடக்கிற காரியமல்ல. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் அயல்நாட்டுக்கு எஞ்சின் அனுப்பிய முறையும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. அங்கே ஒருமுறை முழுதாகப் பூட்டி, நீராவி ஏற்றிச் சோதித்து, மறுபடி கழற்றி, எண்ணிட்டு, பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். சட்டகம் ஒரு பொதி, கொதிகலன் ஒரு பொதி, ராடுகள் ஒரு பெட்டி, அச்சோடு கூடிய சக்கரங்கள் வேறொரு பொதி.

இன்று ஒரு பொழுதுபோக்குக்காரர் வாங்கும் மாதிரி எஞ்சின் கிட் வேறெதுவும் அல்ல, இதே ஏற்பாட்டின் சிறு வடிவம். பித்தளைத் தகடுகள், அச்சுகள், சக்கரங்கள், திருகும் அளவில் கிராங்க் பின்கள், ஒரு விளக்கத்தாள். பெட்டியைத் திறந்தவுடன் கொதிகலனைச் செய்து அழகு பார்க்கத்தான் புதியவர் கை பரபரக்கும். அனுபவமுள்ளவர் சக்கரத்தில்தான் தொடங்குவார். சட்டகத்தில் அச்சு நிற்கும் துளைகளின் இடைவெளியும் சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடின் இரு கண்களுக்கிடையேயான தூரமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார், ராடையே அளவுகோலாக வைத்து அச்சுகளை நிறுத்துவார். அப்புறம் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு சக்கரங்களையும் சரியான கோணத்தில் ஏற்றி, கிராங்க் பின்னைப் பூட்டி, கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பார்ப்பார். இடறாமல் உருண்டால்தான் மற்ற வேலை. இந்த வரிசையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பொம்மைத் தொழில் அல்ல, எஞ்சின் பணிமனை. எஞ்சின் பூட்டும் கூடமான நாகையின் எரெக்டிங் ஷாப்பிலும் சட்டகத்தை மட்டம் பார்த்து நிறுத்தி, சக்கரத்தை அடியில் ஏற்றி, ராடு பூட்டி, அசைத்துப் பார்த்த பிறகே எஞ்சின் எஞ்சினாயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சக்கரங்கள் அச்சில் அழுத்தப்பட்டு, கோணம் சரிபார்க்கப்பட்டு, கிராங்க் பின்னோடு ஒரே தொகுதியாகத்தானே கப்பலில் வந்தன? நாகையில் நடந்தது சட்டகத்துக்கு அடியில் உருட்டி வைக்கும் வேலை மட்டும்தானே? முதல் நாளுக்கு இந்த மறுப்பு பொருந்தும், முதல் ஆண்டுக்குப் பிறகு பொருந்தாது. எஞ்சின் சக்கரம் ஒரே துண்டு அன்று. நடுவில் வார்ப்படச் சக்கரம், அதைச் சுற்றிச் சுருக்கிப் போர்த்திய எஃகு டயர், நடுத்துளையில் அழுத்தி ஏற்றிய அச்சு, முகத்தில் அழுத்தி ஏற்றிய முளை என்று நான்கு பொருள்களின் கூட்டு அது. தண்டவாளத்தோடு உரசும் டயர் தேயும், அதன் விளிம்பு மெலியும். தேய்ந்ததைக் கடைசலில் கொடுத்து வடிவம் மீட்பார்கள். சில தடவை கடைந்த பின் தடிமன் குறைந்துவிடும், புது டயர் போட்டாக வேண்டும். கிராங்க் பின் ராடின் இழுப்பும் தள்ளலும் தாங்கித் தாங்கி வட்டம் குலைந்து முட்டைவடிவம் கொள்ளும். அதைக் கடைந்து, மெலிந்த அளவுக்கு ராடின் கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷைப் புதிதாக வார்த்துத் துளைப்பார்கள். முளை தளர்ந்துவிட்டால் பிடுங்கிவிட்டு வேறு அழுத்த வேண்டும். எஞ்சின் நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடும். அதன் சக்கரத்தை இங்கிலாந்தில் தொட்டது ஒருமுறை, இங்கே தொட்டது எத்தனையோ முறை. ஐம்பதாம் வயதில் ஓடிய எஞ்சினில் அதன் முதல் டயரோ முதல் முளையோ இருந்திருக்க வழியில்லை. அப்போது அந்தச் சக்கரத்தைச் செய்தவர் யார்?

டயர் போடும் வேலையில் டெல்டாவுக்குப் புதுமை அதிகமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெல்லும் வைக்கோலும் எருவும் சுமந்த மாட்டுவண்டிகளின் நாடு இது. குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தில் இழைத்த சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவதை எந்த ஊர்க் கொல்லுப்பட்டறையிலும் பார்க்கலாம். பட்டாவின் உள்சுற்றைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைத்து அடித்து, வறட்டி அடுக்கித் தீமூட்டிச் சிவக்கக் காய்ச்சி, குறடால் தூக்கிச் சக்கரத்தில் போட்டு, நீர் ஊற்றி இறுக்குவார்கள். குளிர்ந்த இரும்பு சுருங்கி, ஆரக்கால்களைக் குடத்துக்குள் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் டயரும் இதே நியதிதான். துளையை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிதாகக் கடைகிறார்கள்: 1,372 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைவு. இருநூறு டிகிரி சூடேற்றினால் எஃகு அதற்கு இருமடங்குக்குக் குறையாமல் விரியும், டயர் தானாக ஏறிக்கொள்ளும். கண்ணளவில் கொல்லன் அறிந்திருந்ததை இங்கே மைக்ரோமீட்டர் அளந்தது. தீயின் குணமும் இரும்பின் குணமும் ஒன்றுதான். மேற்கத்திய அறிவு வெறும் கையோடு நின்ற நாட்டில் வந்து இறங்கியது என்று சொல்பவர்கள், பட்டா கட்டும் ஒரு பட்டறையின் முன் அரைமணி நேரம் நின்றுபார்க்கலாம்.

ஆனால் வாதத்தை இதற்கு மேல் இழுத்தால் அது பொய்யாகிவிடும். வண்டிச் சக்கரத்தில் இல்லாத ஒன்று எஞ்சின் சக்கரத்தில் இருக்கிறது. வண்டியில் அச்சு நிலையாக நிற்கிறது, சக்கரம் அதன்மேல் தனித்துச் சுழல்கிறது, கழன்றுவிடாமல் கடையாணி தடுக்கிறது. இடச்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வலச்சக்கரம் முக்கால் சுற்றுச் சுற்றினாலும் கேடில்லை. வளைவில் அப்படித்தான் ஆகும், ஆகவும் வேண்டும். கோயில் தேரும் அப்படியே. எஞ்சினில் சக்கரமும் அச்சும் ஒன்றாக இறுகிச் சுழல்கின்றன. இடப்பக்கத்து முளைக்கும் வலப்பக்கத்து முளைக்கும் இடையே நிலையான கோணம் ஒன்று இருந்தாக வேண்டும். அந்தக் கோணம் தொண்ணூறு டிகிரி. காரணம் எளிது. பிஸ்டன் சிலிண்டரின் ஒரு கோடியில் நிற்கும் கணத்தில் ராடும் முளையும் அச்சின் மையமும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அப்போது எத்தனை அழுத்தத்தில் நீராவி தள்ளினாலும் சக்கரம் திரும்பாது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அப்படி மாட்டிக்கொண்டால் எஞ்சின் புறப்படவே முடியாது. ஒரு பக்கத்தைக் கால் சுற்று முந்த வைத்துவிட்டால், ஒன்று முடங்கும் கணத்தில் மற்றொன்று முழு வலிமையோடு தள்ளும். நம் வண்டி, தேர், ஏற்றம், செக்கு எதிலும் இப்படி ஒரு கோணத்தைக் காக்கும் தேவை இருந்ததில்லை. இரும்பும் நெருப்பும் பழையவை. இந்தக் கோணம்தான் நாகை பணிமனைக்குள் நுழைந்த தொழிலாளி புதிதாகக் கற்ற பாடம்.

அதை எப்படிப் பிடித்தார்கள்? அச்சை இரு தாங்கிகளில் மட்டமாகக் கிடத்துவார்கள். ஒரு பக்கத்து முளையை அச்சின் மையத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து தூக்குக்குண்டு நூலால் சரிபார்ப்பார்கள். மறுபக்கத்து முளையும் மையமும் நீர்மட்டத்தில் ஒரே கிடைக்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். நின்றால் கால் வட்டம் சரி. பெரிய பணிமனைகளில் இதற்கென்றே இரட்டைத் துளைப்பு எந்திரம் உண்டு. அச்சை நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்து முளைத் துளைகளையும் தொண்ணூறு டிகிரியில் ஒரே மூச்சில் துளைக்கும். இதில் நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. கோணம் தொண்ணூறுக்கு இம்மி பிசகினாலும் எஞ்சின் ஓடிவிடும். ஆனால் எல்லா அச்சுகளிலும் அந்தப் பிசகு ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓர் அச்சு தொண்ணூறு, அடுத்தது தொண்ணூறரை என்றால், கப்ளிங் ராடு ஒவ்வொரு சுற்றிலும் இரு அச்சுகளையும் ஒன்றோடொன்று மல்லுக்கு இழுக்கும். புஷ் தேயும், முளை தளரும், கடைசியில் ராடு முறியும். முறிந்த ராடு ஓடும் எஞ்சினில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு சக்கரத் தொகுதியை மட்டும் தனியே செய்து "சரி" என்று எழுதிவிட முடியாது. கூட ஓடப்போகும் தொகுதிகளோடு ஒப்பிட்ட பிறகே அது சரி.

இந்த வேலையின் கனத்தை நாகை விரைவிலேயே உணர்ந்திருக்கும். 1874இல் கர்னாடிக் ரயில்வேயோடு இணைந்து கம்பெனி சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் எடுத்த மீட்டர் கேஜ் முடிவை ஒட்டி, எழுபதுகளின் பிற்பகுதியில் அகலப்பாதையாக இருந்த தடம் மீட்டர் கேஜுக்கு மாற்றப்பட்டது. வரைபடத்தில் அது கோட்டின் தடிமன் மாறுவதுதான். பணிமனையிலோ, ஒவ்வொரு அச்சும் வேறு அச்சு, ஒவ்வொரு சக்கரத் தொகுதியும் வேறு தொகுதி. ஒன்றரை நூற்றாண்டுக்குள் நாகைத் தடம் அகலத்திலிருந்து குறுகலுக்கும், குறுகலிலிருந்து மறுபடி அகலத்துக்கும் மாறியிருக்கிறது. இரண்டு முறையும் செலவுக் கணக்கு தண்டவாளத்துக்கு எழுதப்பட்டது, வியர்வையில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போனது. இடையில் தஞ்சை ஜில்லா போர்டு செய்த காரியம் தனியே குறிப்பிடத் தகுந்தது. நிலம் வைத்திருந்தவர்களிடம் கூடுதல் வரி வாங்கி, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் ரயில் விட்டது. ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே, முதல் போட்டது மிராசுதாரும் குடியானவரும். கோடியக்கரைப் பக்கத்துக்குத் தடம் பிரியும் திருத்துறைப்பூண்டி இந்தப் பாதையின் மேல்தான் இருக்கிறது.

வேதாரண்யம், கோடியக்கரைத் தடம் சக்கரத்துக்கு எளிய தடம் போலத் தோன்றும். ஏற்றமில்லை, மலை வளைவில்லை, கண்ணுக்கெட்டிய வரை வயல், அப்புறம் உப்பளம், அப்புறம் மணல். தோற்றம் ஏமாற்றும். டெல்டாவில் ஏற்றம் இல்லாத குறையைப் பாலங்கள் தீர்த்துவைக்கின்றன. ஆறும் வாய்க்காலும் வடிகாலும் குறுக்கிடாமல் தடம் நீளவே நீளாது. முளையின் எடையையும் ராடின் எடையையும் சமன்செய்யச் சக்கரத்தில் எதிர்ப்புறம் பிறைவடிவ எடை ஒன்று வைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டனின் எடையிலும் ஒரு பங்கை அது ஈடுசெய்கிறது. அந்தப் பங்கு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தின்மேல் சம்மட்டி அடியாக விழும். வேகம் கூடக் கூட அடியும் கூடும். மெல்லிய பாலங்கள் நிறைந்த கிளைத்தடத்தில் அச்சுக்கு எத்தனை டன் என்பதும் எதிரெடை எவ்வளவு என்பதும்தான் எந்த எஞ்சின் போகலாம் என்பதைத் தீர்மானித்தன. விடுதலைக்குப் பிறகு மீட்டர் கேஜின் முகமாக விளங்கிய ஒய்.பி. வகைக்கு அச்சுக்குச் சுமார் பத்தரை டன். இலேசான கிளைத்தடங்களுக்கென்றே எட்டு டன் அச்சுச் சுமையில் ஒய்.எல். என்ற வகையை வடிவமைத்தார்கள். கடலோர மணல் காற்றில் பறந்து தண்டவாளத்தில் படிந்தால் டயருக்கு உப்புத்தாள் தேய்த்தது போலாகும். உப்பு ஏற்றிய வண்டியின் அடிப்பாகம் துருவுக்கு இரை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்துவந்து அள்ளிய உப்பு அரசியல் வரலாற்றில் பதிந்துவிட்டது. நாள்தோறும் வேகன்களில் ஏறிப்போன உப்பு அச்சிலும் சக்கரத்திலும் பதிந்தது, அதைக் கழுவித் துடைத்துக் கடைந்தவர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

அவர்கள் ஏட்டில் இடம்பெற்ற ஒரு தருணம் உண்டு, அது போராட்டத்தின் தருணம். நாகையிலும் போத்தனூரிலும் சிதறிக்கிடந்த பணிமனைகளை ஒன்றாக்கித் திருச்சிக்கு அருகே பொன்மலையில் புதிய பணிமனை கட்டியது கம்பெனி. தடவலையின் கிழக்கு மூலையில், புயல் அடிக்கும் கடற்கரையில் தலைமைப் பணிமனை இருப்பதைவிட நடுச்சந்திப்பான திருச்சியில் இருப்பது நல்லதென்ற நிர்வாகக் கணக்கில் பொருள் இருக்கிறது. ஆனால் இடமாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது, யாரை வைத்துக்கொள்வது யாரை அனுப்புவது என்று பிரிக்க டிரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வும் வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றார்கள், சிறைத் தண்டனை பெற்றார்கள், வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. இதைக் கூலிப் போராட்டமாக மட்டும் படிப்பது வழக்கம். ஆட்குறைப்புதான் மையக் காரணம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அந்தத் தேர்வின் பொருளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். இருபது ஆண்டு தூக்குக்குண்டும் நீர்மட்டமும் வைத்துக் கோணம் பிடித்த ஒருவரிடம் "உனக்கு வேலை தெரியுமா, காட்டு" என்று கேட்பதற்குப் பின்னால், அவர் திறமை கம்பெனி கொடுத்த சலுகை, வேண்டாதபோது எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தது. அந்தத் திறமை இல்லாமல் தன் எஞ்சின் ஒரு பருவம்கூட ஓடாது என்பதைக் கம்பெனியின் அறிக்கைகள் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. மேற்பதவிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் என்றிருந்த அமைப்பில் அப்படி ஒப்புக்கொள்ள இடமும் இல்லை.

இன்னொரு மறுப்பு வரலாம். திறமை அவ்வளவு இருந்ததென்றால் எஞ்சினையே இங்கே செய்திருக்கலாமே? செய்தார்கள். அஜ்மீர் பணிமனை 1895இல் ஒரு மீட்டர் கேஜ் எஞ்சினை முழுதாகக் கட்டி ஓட்டியது. ஜமால்பூர் 1899இல் தொடங்கிப் பல எஞ்சின்கள் கட்டியது. இந்தியக் கைக்கு அது முடியும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனாலும் பெரும்பாலான எஞ்சின்களை அரை நூற்றாண்டு காலம் கடல்கடந்தே வாங்கினார்கள், வாங்கும் அதிகாரம் லண்டனில் இருந்தது, வேலை கிளாஸ்கோவுக்கும் மான்செஸ்டருக்கும் போனது. விடுதலைக்குப் பின் நிலைமை மாறிய வேகத்தைப் பாருங்கள். ஒய்.பி. வகையின் முதல் எஞ்சின்களை 1949இல் அமெரிக்காவின் பால்ட்வின் செய்தது. சில ஆண்டுகளில் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்யத் தொடங்கியது. 1970இல் உற்பத்தி நின்றபோது எண்ணூற்றுக்கு மேற்பட்ட எஞ்சின்கள் இருந்தன, பெரும்பகுதி இந்தியாவில் பிறந்தவை. பணிமனைகளில் இரண்டு மூன்று தலைமுறையாகச் சக்கரத்தையும் முளையையும் அறிந்த கைகள் இல்லாமல் ஒரு புதுத் தொழிற்சாலை இப்படி எழுந்திருக்க முடியாது.

மாதிரி எஞ்சினுக்கு வருகிறேன். சிறுவர் விளையாட்டிலிருந்து வரலாற்றுக்கு என்ன சாட்சி கிடைத்துவிடும் என்று கேட்பவருக்குச் சில எண்களைக் காட்டலாம். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1,372 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் இருபத்துநான்கு அங்குலம். அதாவது முளை அச்சின் மையத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம், 305 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. இதை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் சக்கரம் 15.8 மில்லிமீட்டர், முளையின் தூரம் மூன்றரை மில்லிமீட்டர். அந்த அளவில் முளை பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் கோணம் ஒன்றரை டிகிரிக்கு மேல் பிசகிவிடும். முழு எஞ்சினில் அதே பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல் ஐம்பதில் ஒரு டிகிரிதான். ஆகவே மாதிரி செய்பவர் ராடின் கண்ணைச் சற்றுப் பெரிதாக்கி, அந்தத் தளர்வில் தன் பிசகை ஒளித்துவைக்கிறார். நூற்றுக்கணக்கான குதிரைத்திறனைக் கடத்தும் எஞ்சினில் அப்படி ஒளிக்க இடமில்லை, தளர்வு ஒவ்வொரு சுற்றிலும் அடியாக மாறும். மாதிரியால் பணிமனையின் துல்லியத்தைக் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் எதை முதலில் நிறுத்த வேண்டும், எது எதற்குக் கட்டுப்படும், ஓர் அச்சைத் திருத்தினால் மற்றவை ஏன் மாறுகின்றன என்ற உறவுகளை அது அப்படியே வைத்திருக்கிறது. இயக்கு அச்சை நிலையாக வைத்து மற்ற அச்சுகளை ஒவ்வொன்றாக அதற்கு இசைவிப்பது இரண்டு இடத்திலும் ஒரே விதி. கம்பெனி அறிக்கை சொல்லாத வேலைமுறையை, காகிதத்தில் எழுதப்படாமல் கையில் மட்டும் இருந்த வேலைமுறையை, திரும்பச் செய்துபார்த்து அறியும் வழி இது. கப்பல் கட்டுமான ஆய்வாளர்கள் பழைய தோணியை மறுபடி கட்டிப்பார்ப்பதை ஆராய்ச்சி என்று ஏற்கிறோம். எஞ்சினுக்கு அந்த மதிப்பை மறுக்கக் காரணம் இல்லை.

அப்படிச் செய்ய முனைவோர் அளவில் ஏமாறக் கூடாது. பன்னிரண்டு மில்லிமீட்டர் தடம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் உடலைச் செய்து அதன்மேல் ஓட்டுபவர்கள் உண்டு. அந்த அளவில் மீட்டர் கேஜுக்கு 13.2 மில்லிமீட்டர் வேண்டும். பன்னிரண்டில் நிற்பது மூன்றடித் தடம், அயர்லாந்துத் தடம், அது கோடியக்கரைத் தடமாகாது. எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் 11.5 மில்லிமீட்டர் வேண்டும், பன்னிரண்டுக்கு மிக அருகில் வந்துவிடும். எழுபத்தாறு அளவில் ஒரு மில்லிமீட்டர்தானே குறைகிறது என்று விட்டுவிட்டால் சக்கரங்களுக்கு இடையிலான இடமும் சட்டகத்தின் அகலமும் சிலிண்டரின் நிலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்யாகும், குறுகிய தடத்தின்மேல் அகன்ற உடல் நின்ற அந்த மீட்டர் கேஜ் எஞ்சினின் தனித்த நிற்பே கைவிட்டுப் போகும்.

இந்தத் திறமை செத்துவிட்டதா என்றால், இல்லை. நீராவி எஞ்சின்கள் அன்றாட ஓட்டத்திலிருந்து மறைந்து ஆண்டுகள் பல ஆன பிறகு, 2011இலிருந்து பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியிருக்கிறது. அவற்றின் மூலம் 1914இலிருந்து சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை. நான்கு இணைந்த அச்சுகள், எட்டு கிராங்க் பின்கள், போதாதென்று பல்சக்கரத்துக்கென்று தனிச் சிலிண்டர்களும் ராடுகளும். ஏற்றத்தில் பற்களை ஓட்டும் எஞ்சினும் தரையில் சக்கரங்களை ஓட்டும் எஞ்சினும் ஒரே உடலுக்குள் இருக்கும் சிக்கலான அமைப்பு அது. நாகையிலிருந்து பெயர்த்து நட்ட பணிமனை, 1928இல் தன் தொழிலாளிகளின் திறனைச் சந்தேகித்த கம்பெனி கட்டிய பணிமனை, எண்பது ஆண்டு கழித்து அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்துகாட்டியது. ஓய்வுபெற்றவர்களில் சக்கரம் பூட்டிய பிட்டர்களும் டர்னர்களும் இன்னும் இருக்கிறார்கள். திருச்சி ரயில் அருங்காட்சியகத்தில் எஞ்சின்களும் பழைய கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. அங்கே ஒரு சக்கரத் தொகுதியை அச்சோடு தாங்கியில் கிடத்தி, தூக்குக்குண்டும் நீர்மட்டமும் பக்கத்தில் வைத்து, இடமுளையும் வலமுளையும் ஏன் கால் வட்டம் விலகி நிற்கின்றன என்பதை வருகிறவரே சுழற்றி அறியும்படி செய்வதற்குப் பெரிய செலவு ஆகாது. அதன் பலகையில் செய்த தொழிற்சாலையின் பெயரோடு, டயர் மாற்றிய ஆண்டுகளையும் பணிமனையின் பெயரையும் எழுத வேண்டும். டயரின் பக்கவாட்டிலும் அச்சின் முனையிலும் பணிமனைகள் முத்திரை அடித்துவைப்பது வழக்கம், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.